ஓடாத பெட்ரோலின் கணக்கு

திருவனந்தபுரத்தில் பெட்ரோலிலிருந்து எல்.பி.ஜி.க்கு மாற்றப்பட்ட ஒரு காரைக் கொள்க. அதன் டாஷ்போர்டு '100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர்' என்று காட்டுகிறது. எதன் 7 லிட்டர்? பெட்ரோல் எனில், பெட்ரோல் இன்ஜெக்டர்கள் வழியெல்லாம் மூடியே கிடந்தன. வாயு எனில், பங்க் ரசீதுகளைக் கூட்டினால் 9 லிட்டரை ஒட்டி வருகிறது. அந்த எண் உலகில் உள்ள எப்பொருளையும் சுட்டவில்லை. சுட்டுபொருள் இல்லாத சொற்களைப் பற்றிக் காரியவட்டம் வளாகத்து வகுப்பறைகளில் மணிக்கணக்கில் விவாதிக்க இயலும். அப்படி ஒன்று வளாக வாயிலுக்கு வெளியே தேசிய நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிட் பொருத்தும்போது காரின் மூல ஈ.சி.யூ.வை எவரும் மாற்றுவதில்லை. ஒவ்வொரு சுழற்சிக்கும் பெட்ரோல் இன்ஜெக்டர் எத்தனை மில்லிவினாடி திறக்க வேண்டும் என்று அது வழக்கம்போலக் கணக்கிடுகிறது. வாயுவுக்கெனப் பொருத்தப்பட்ட இரண்டாவது ஈ.சி.யூ. அந்தக் கட்டளையை இடைமறித்து, ஒரு கெழுவால் பெருக்கி, வாயு இன்ஜெக்டர்களைத் திறக்கிறது. பெட்ரோல் இன்ஜெக்டர்கள் வேலை செய்வதாகவே முதல் ஈ.சி.யூ.வை நம்பவும் வைக்கிறது. டாஷ்போர்டு கூட்டிக் காட்டுவது இந்த நம்பிக்கையின் மொத்தத்தை. 'பெட்ரோல் ஓடியிருப்பின் 7 லிட்டர் செலவாகியிருக்கும்' என்பதே அந்த எண்ணின் முழு வாக்கியம். இலக்கணிகள் 'செயின்' என்ற வாய்பாட்டில் அடக்கும் வினையெச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு, நிபந்தனையை நிகழ்வாக்கி அறிவிக்கிறது அந்தத் திரை.

நிபந்தனை வாக்கியமாகக்கூட அதை நம்ப முடியாது என்பதுதான் இன்னும் மோசம். மெக்கானிக் கெழுவைக் குறைவாக வைத்துவிட்டால் கலவையில் வாயு குறையும். வெளியேற்றக் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டு சொல்ல, முதல் ஈ.சி.யூ. தன் பெட்ரோல் நேரத்தை நீட்டும். எரியும் வாயு பழைய அளவுக்கே திரும்பும். திரையில் உள்ள எண் மட்டும் உயரும். ஒரே கார், ஒரே வாயு, இரண்டு பட்டறைகள், இரண்டு மைலேஜ்கள்!

'எல்லாரும் அறிந்ததுதானே, கால் பங்கு கூட்டிக்கொண்டால் தீர்ந்தது' என்பது வழக்கமான எதிர்வாதம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல், ஒரு லிட்டர் எல்.பி.ஜி.யில் சுமார் 25 என்ற அளவில் அந்தக் கூட்டல் தோராயமாகச் சரிதான். ஆனால் எல்.பி.ஜி. ஒற்றைப் பொருளன்று, புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. திரவ நிலையில் முன்னதன் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 0.51 கிலோ, பின்னதன் அடர்த்தி 0.58. கலவை விகிதம் மாறினால் லிட்டரின் உள்ளடக்கமும் மாறும். வெப்பம் 10 பாகை ஏறினால் பெட்ரோல் சுமார் 1 விழுக்காடு விரிகிறது, எல்.பி.ஜி. 2 முதல் 3 விழுக்காடு. மேலும், குளிர்ந்த என்ஜின் பெட்ரோலில்தான் கிளம்பும். ரிடியூசர் சூடான பிறகே வாயுவுக்கு மாறும். பட்டத்திலிருந்து பாளையத்துக்கும் திரும்பவுமாக இடைவிட்டுக் குறுந்தூரம் ஓடும் காரில் அந்தப் பெட்ரோல் சிறிய தொகையன்று. வாயுக் கணக்கு எழுதுபவர்கள் அதைச் சேர்ப்பது அரிது.

கணக்கு வசதிக்காகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வாயு 60 ரூபாய், கிட் 30,000 ரூபாய் என்று வைத்தால், திரையை நம்பும் டாக்சி ஓட்டுநர் 100 கிலோமீட்டருக்கு 280 ரூபாய் மிச்சம் என்று எண்ணுவார். உண்மையான மிச்சம் 160. போட்ட பணம் திரும்ப 10,700 கிலோமீட்டர் போதும் என்று அவர் கடன் வாங்கியிருப்பார். 18,750 ஓட வேண்டியிருக்கும். 'மைலேஜ் குறையவே குறையாது, திரையைப் பாருங்கள்' என்னும் விற்பனைப் பேச்சு இந்த 8,000 கிலோமீட்டரின் மேல்தான் நிற்கிறது. அதை அறியாமை என்று மன்னிப்பது கடினம்.

இதில் மொழியின் பங்கும் உண்டு. 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப் பின் மைல் படிப்படியாக வழக்கொழிந்தது. 'மைலேஜ்' தமிழிலும் மலையாளத்திலும் தங்கிவிட்டது. 'எவ்வளவு தரும்?' என்றால் 'பதினெட்டு' என்று விடை வரும். கிலோமீட்டரும் லிட்டரும் தொக்கி நிற்கும். எரிபொருள் ஒன்றாக இருந்தவரை அந்தத் தொகை கெடுதல் செய்யவில்லை. இன்றோ சமையலறைக்கு 14.2 கிலோவாக வரும் எல்.பி.ஜி., பங்க்கில் லிட்டராகிறது; சி.என்.ஜி. பங்க்கிலும் கிலோதான். மூன்று எரிபொருள்களின் 'பதினெட்டு'களை ஒரே தட்டில் வைத்து ஒப்பிடும் பேச்சு, அரிசிப் படியையும் எண்ணெய்ப் படியையும் கூட்டுவதற்கு ஒப்பாகும்.

ரசீதுக் கணக்கும் குறையற்றதன்று. வாயு டேங்கை 80 விழுக்காட்டில் மிதவை வால்வு அடைத்துவிடும். மேடும் பள்ளமுமான இந்நகரத்தில், சரிவில் நிற்கும் காரில் அது முந்தியோ பிந்தியோ அடைக்கும். ஆனால் அப்பிழை முதல் நிரப்பலிலும் கடைசி நிரப்பலிலும் மட்டுமே விழுகிறது. இருபது நிரப்பல்களைத் தொடர்ந்து எழுதி, பெட்ரோலைத் தனியே குறித்தால், பிழை கரைந்துபோகும். திரையின் பிழையோ எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் கரையாது.

சட்டம் நாசிலோடு நின்றுவிடுகிறது. எல்.பி.ஜி.யை வாகனத்தில் பயன்படுத்துவதை முறைப்படுத்த 2001இல் மைய அரசின் ஆணை வந்தது. பங்க் அளவிகளுக்கு 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் முத்திரை உண்டு. பெட்ரோல் வாங்குபவர் 5 லிட்டர் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அழுத்தத்தில் அடைபட்ட திரவத்தை அப்படித் திறந்த குடுவையில் பிடிக்கவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் புதிய கார்களின் எரிபொருள் கணிப்புக் கருவி 5 விழுக்காட்டுக்குமேல் பிழைக்கலாகாது என்று விதித்தது. ஆனால் அவ்விதி பெட்ரோல், டீசல், எத்தனால் வகைகளில் மட்டும் ஓடும் கார்களையே பெயர் சொல்லிக் குறித்தது. வாயு அங்கேயும் வாசலுக்கு வெளியே.

தொழில்நுட்பம் இல்லை என்று சொல்லி இதில் தப்ப முடியாது. வாயுவின் அழுத்தம், வெப்பநிலை, இன்ஜெக்டர் திறந்த நேரம் ஆகிய மூன்றும் இரண்டாவது ஈ.சி.யூ.விடம் ஒவ்வொரு கணமும் உள்ளன. செலுத்தப்பட்ட வாயுவைக் கிலோவில் கணிக்க, நாசிலின் விட்டத்தையும் சேர்த்தால் போதும். டியூனிங்கின்போது மெக்கானிக்கின் மடிக்கணினித் திரையில் அவை அத்தனையும் ஓடுகின்றன. கேபிளைக் கழற்றியதும் ஓட்டுநருக்கு மிஞ்சுவது நான்கு பச்சை விளக்குகள்.