யாருக்கு இது அரிது?

எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர், காலனிக்காரர், கரும்பு வெட்டப் போகிறவர். காப்பீட்டுத் திட்டத்தில் இதய வால்வு மாற்றிக்கொண்டார். உலோக வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க வாழ்நாள் முழுக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் வால்வு அடைக்கும், கூடினால் உள்ளே ரத்தம் கசியும். அதனால் ஐஎன்ஆர் பரிசோதனையை விடாமல் செய்தாக வேண்டும்.

போன கோடையில் கடும் வயிற்று வலி. பக்கத்து கிளினிக்கில் 'கேஸ்' என்று இடுப்பில் டைக்ளோஃபினாக் ஊசி போட்டு அனுப்பினார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரத்தம் உறையாத உடம்பில் போடக்கூடாத ஊசி அது. மூன்றாம் நாள் வாந்தி நிற்காமல் அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேனில் சிறுகுடலின் சுவருக்குள்ளேயே ரத்தம் கட்டிக் குடலை அடைத்திருந்தது. ஐஎன்ஆர் 9. நல்லவேளை, அங்கிருந்த மருத்துவர் அவசரப்பட்டு வயிற்றைத் திறக்கவில்லை. மாத்திரையை நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்ததிலேயே சில நாளில் அடைப்பு விலகியது.

"ரொம்ப அரிதான பக்கவிளைவு" என்றார்கள். இருக்கலாம். ஆனால் ஐஎன்ஆர் 9 வரை ஏறியது தற்செயலா? கடைசிப் பரிசோதனை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. டவுனுக்கு இரண்டு பஸ், ஒரு நாள் கூலி போச்சு. இடையில் வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் வாங்கிய மெட்ரோனிடசோல், அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டும் மாத்திரை. போதாததற்கு, "கீரையைத் தொடாதே" என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கீரையை விட வேண்டியதில்லை, அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும். காசில்லாமல் கிடைப்பது வரப்புக் கீரை ஒன்றுதான், அதையும் பறித்துவிட்டார்கள்.

வால்வு கெட்டதே ஏன்? சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல். நெருக்கியடித்த ஒற்றை அறை வீடுகளில் பரவுவது, பெனிசிலினால் தடுக்கக்கூடியது. சாதிக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் எங்களோடு ஒருநாள் காலனிக்கு வரட்டும்.

ஐஎன்ஆர் தேவைப்படாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே என்பார்கள். அவை உலோக வால்வுக்காரர்களுக்கு ஆகாது. டாபிகட்ரானை அவர்களிடம் சோதித்த ஆய்வில் ரத்தக்கட்டும் கசிவும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆக, பரிசோதனையை விட்டால் வழியில்லை.

விரல் நுனி ரத்தத்தில் ஐஎன்ஆர் பார்க்கும் கருவி இருக்கிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதே கையில் இந்தக் கருவியையும் கொடுத்தனுப்பலாம். திட்டத்தில் வால்வு மாற்றியவர்கள் யார் யார் என்பது அரசின் கணக்கிலேயே இருக்கிறது. மனுநாளில் இதை எழுதிக் கொடுத்தோம். ரசீது மட்டும் வந்திருக்கிறது.