கார் சார்ஜர் போன் பேட்டரியைக் கெடுக்குமா? பழியை பிராண்ட் மேல் போடாதீங்க!

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் பக்கம் திரும்பும் கம்பெனி கேப்களில் இது தினமும் நடக்கும். நைட் ஷிப்ட் முடித்து ஏறியவர், "அண்ணா, கொஞ்சம் சார்ஜ் போடுங்க" என்று போனை நீட்டுவார். டிரைவர் பக்கத்தில் ரோட்டோரக் கடையில் வாங்கிய பேர் தெரியாத சார்ஜர் தொங்கும். பின் சீட்டில் இருந்து எச்சரிக்கை வரும்: "கம்பெனி சார்ஜர் இல்லன்னா பேட்டரி போயிடும்!"

இது பாதி உண்மைதான்.

'கம்பெனி சார்ஜர்' யார் செய்வது?

பக்கத்து ஸ்ரீபெரும்புதூரிலேயே பதில் இருக்கிறது. 2014-ல் நோக்கியா மூடிவிட்டுப் போன ஆலையை எடுத்துக்கொண்டது சால்காம்ப். பின்லாந்தில் தொடங்கிய இந்த நிறுவனம், போன் பிராண்டுகளுக்காக சார்ஜர் தயாரித்துக் கொடுக்கிறது. அதாவது, பெட்டியில் போன் கம்பெனி பெயரோடு வரும் சார்ஜரைக்கூட பல நேரம் செய்வது வேறொரு நிறுவனம்தான். ஆக, 'வேறு கம்பெனி' என்பது ஒரு குற்றமே இல்லை. தரம்தான் கேள்வி.

உள்ளே என்ன நடக்கிறது?

இன்ஜின் ஓடும்போது கார் சாக்கெட்டில் சுமார் 14 வோல்ட் இருக்கும். அதை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தருவதுதான் சார்ஜரின் வேலை. எவ்வளவு கரண்ட் எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை போனுக்குள் இருக்கும் சிப் பார்த்துக்கொள்ளும். ஃபாஸ்ட் சார்ஜிங்கிலும் போன் கேட்டால்தான் 9 வோல்ட் போன்ற கூடுதல் வோல்டேஜ் வரும். அதனால் 18 வாட் போனில் 30 வாட் சார்ஜரைச் சொருகினால் ஒன்றும் ஆகாது.

காசை மிச்சம் பிடித்துச் செய்த சார்ஜரில்தான் சிக்கல். மின்சாரம் சீராக வராது. டச் ஸ்கிரீன் தானாகக் குதிக்கும். மோசமாகப் பழுதானால் கார் வோல்டேஜ் நேராக போனுக்குள் பாயலாம். அப்போது பேட்டரி மட்டுமல்ல, போர்டே போச்சு.

பெரிய வில்லன் வெயில்

மேப் ஓடுகிறது, சார்ஜ் ஏறுகிறது, டேஷ்போர்டில் மே மாத வெயில். லித்தியம்-அயான் பேட்டரிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. ஐபோனை 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்கிறது ஆப்பிள். நம் ஊர் மதியம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஒரிஜினல் சார்ஜர் போட்டாலும் இந்தச் சூட்டில் பேட்டரி சீக்கிரம் தேயும்.

என்ன செய்யலாம்?

* இன்புட், அவுட்புட் அளவு அச்சிடாத சார்ஜரை வாங்காதீர்கள். கனரக லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட். '12-24V' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.
* வண்டி ஸ்டார்ட் ஆன பிறகு சொருகுங்கள்.
* தொட முடியாத அளவு சார்ஜர் சுட்டாலோ, ஸ்கிரீன் குதித்தாலோ உடனே கழற்றுங்கள்.
* போனை ஏசி காற்று படும் இடத்தில் வையுங்கள், வெயிலில் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஷிப்ட் மெசேஜ், ஓடிபி, வீட்டுக்குப் பணம் அனுப்புவது என எல்லாமே இன்று போனில்தான். அந்த போன், பலருக்கு ஒரு மாதச் சம்பளம். தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் ஒரு நல்ல சார்ஜர் வைப்பது வாகன ஒப்பந்தக்காரருக்குப் பெரிய செலவில்லை. சீட் பெல்ட் மாதிரி அதுவும் வண்டியோடு இருக்க வேண்டிய பொருள்தான்.