மிதிவண்டியும் முன்விளக்கும்: ஒரு சிந்தனை

'விளங்கு' என்பது தன்வினை. 'விளக்கு' என்பது பிறவினை. தான் ஒளிர்வது விளங்குதல். பிறபொருள்களைத் தெளிவாகத் தெரியச் செய்வது விளக்குதல். இரவில் நாம் ஏற்றும் விளக்கும் இவ்வினையடியிலிருந்தே பெயர் பெற்றது என்று ஆண்டுதோறும் நம் மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். கற்பித்த நாமே அதன் பொருளை உள்ளவாறு உணர்ந்தது, மார்கழி மாதத்து வைகறை ஒன்றில், வாய்க்கால் கரைச் சாலையில், பால்காரப் பெரியவர் ஒருவர் வாயிலாக.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மருத்துவர் கூறிய அறிவுரையை ஏற்று மீண்டும் மிதிவண்டிக்குத் திரும்பினோம். சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டு ஏழெட்டுக் கிலோமீட்டர் சுற்றி வருவது வழக்கமாயிற்று. குளிர்காலத்தில் அவ்வேளையில் கீழ்வானம் வெளுத்திருப்பதில்லை. ஊரெல்லை தாண்டினால் தெருவிளக்கும் இல்லை. எனவே ஒரு முன்விளக்கு வேண்டியதாயிற்று. கடைக்காரர் ஐந்தாறு பெட்டிகளை எடுத்து வைத்தார். எந்தப் பெட்டியின்மேல் பெரிய எண் அச்சிடப்பட்டிருந்ததோ அதையே வாங்கினோம். 1000 லூமென் என்று அதில் கண்டிருந்தது. மாட்டி ஏற்றியபோது தெருமுனை வேப்பமரத்தின் உச்சிக்கிளை வரை வெளிச்சமாயிற்று. நமக்கோ பெருமிதம் தாங்கவில்லை!

மூன்றாம் நாள், எதிரே ஒருவர் மிதிவண்டியில் வந்தார், இருபுறமும் பால்கேன்கள். நம்மை நெருங்கும் நேரத்தில் அவர் தடுமாறினார். சாலையை விட்டு இறங்கிப் புதரோடு சாய்ந்தார். ஓடிச்சென்று தூக்கினோம். முழங்காலில் சிராய்ப்பு; ஒரு கேன் பால் முழுதும் மண்ணில். அவர் நம்மை ஏசவில்லை. "என்ன பாய், நீங்க வெளிச்சம் போட்டதும் எனக்குக் கண்ணே இருட்டிப்போச்சே" என்று மட்டும் கேட்டார். பாலுக்குரிய பணத்தையும் இருமுறை மறுத்த பின்னரே வாங்கிக்கொண்டார்.

அன்றுமுதல் இவ்விளக்கைப் பற்றி நாம் படித்தும் கேட்டும் சோதித்தும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். தமிழ்த்துறை மலரில் மிதிவண்டி விளக்குக்கு என்ன இடம் என்று சான்றோர் சிலர் வினவக்கூடும். நம் மாணவரில் பலர் மிதிவண்டியில்தான் வருகின்றனர். மாலையில் தனிப்பயிற்சி முடிந்து இருட்டில்தான் வீடு திரும்புகின்றனர். இந்த இடமே போதும்.

பெரியவருக்கு நேர்ந்தது யாது? இருளுக்குப் பழகிய கண், தன் முழு நுண்மையையும் பெற இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். அதனை இழப்பதற்கோ ஒரு நொடி போதும். கூசிய கண் மீண்டும் ஓரளவு தெளியச் சில நொடிகள் வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் விரைவில் செல்பவர் மூன்று நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறார்; அத்தொலைவு முழுவதும் அவர் பார்வையற்றவர். முதியோர் கண்ணில் வில்லை மங்கியிருப்பதால் ஒளி உள்ளே சிதறுகின்றது. கூச்சம் மிகுதி, தெளிவதற்கு ஆகும் நேரமும் மிகுதி. கி.பி. 965இல் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்னும் பழங்கொள்கையை மறுத்து, ஒளியே கண்ணுள் புகுகிறது என நிறுவியபோது காட்டிய சான்றுகளுள் இதுவும் ஒன்று: வலிய ஒளியை நோக்கிய கண் வருந்துகிறது, இருண்ட இடத்திற்குத் திரும்பிய பின்னும் சிறிது நேரம் அவ்வொளியின் சுவட்டையே காண்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் 'கிதாபுல் மனாழிர்' கூறிய செய்தியை நாம் ஒரு கேன் பாலைக் கொட்டித்தான் கற்க வேண்டியிருந்தது.

இனி அந்தப் பெரிய எண்ணுக்கு வருவோம். லூமென் என்பது விளக்கு எல்லாத் திசையிலும் கொட்டுகின்ற ஒளியின் மொத்தக் கணக்கு. லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து விழுகின்ற ஒளியின் கணக்கு. கிணற்றிலிருந்து எவ்வளவு நீர் இறைத்தோம் என்பது முன்னது. வாழைக்கு எவ்வளவு பாய்ந்தது என்பது பின்னது. வரப்பு உடைந்திருந்தால் எவ்வளவு இறைத்தென்ன? சந்தையில் மலிந்து கிடக்கும் விளக்குகள் பெரும்பாலும் டார்ச் விளக்கின் வடிவின. அவை வட்டமாக ஒளி பாய்ச்சுகின்றன. வட்டத்தின் கீழ்ப்பாதி சாலைக்கு. மேற்பாதி எதிரே வருவோர் கண்ணுக்கும் வேப்பமரத்துக்கும். நாம் விலைகொடுத்து வாங்கிய ஒளியில் ஏறத்தாழப் பாதி, பிறரைத் துன்புறுத்துவதற்கே செலவாகிறது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனங்களின் தாழ்ஒளியைப் போல, மேல் விளிம்பு கத்தியால் அரிந்தாற்போல் வெட்டப்பட்டு, ஒளி முழுவதும் சாலையில் படியுமாறு கண்ணாடியும் பிரதிபலிப்பானும் அமைந்த மிதிவண்டி விளக்குகள் உண்டு. ஜெர்மனி நாட்டின் சாலைப் போக்குவரத்து விதிகளின்படி, மிதிவண்டியின் முன்விளக்கு எதிரே வருவோர் கண்ணைக் கூசச் செய்தல் கூடாது. 10 மீட்டர் தொலைவில் குறைந்தது 10 லக்ஸ் ஒளியும் தரவேண்டும். இத்தேர்வில் தேறிய விளக்கின்மீது நெளிகோடும் 'கே' என்னும் எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். நெடுங்காலம் டைனமோவையே வற்புறுத்தி வந்த அந்நாடு, 2013இல்தான் மின்கல விளக்குகளையும் பொதுவாக ஏற்றுக்கொண்டது. அங்கே முன்விளக்கு மின்னி மின்னி அணைவதும் கூடாது. அது நியாயமே என்பது நம் கருத்து. மின்னும் விளக்கு கண்ணில் விரைவாகப் படும் என்பது உண்மை; ஆனால் இருளில் அது எவ்வளவு தொலைவில் வருகிறது என்று கணிப்பது கடினம். பகலிலும் அந்தியிலும் வேண்டுமானால் மின்னட்டும்.

எவ்வளவு ஒளி போதும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டர் விரைவென்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். பள்ளத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஒன்றரை நொடி போய்விடும். அதற்குள் எட்டு மீட்டர். அதன்பின் வண்டி நிற்க நான்கு மீட்டரேனும் வேண்டும். ஆகப் பன்னிரண்டு மீட்டருக்கு முன்னர் கிடக்கும் கல்லை நாம் கண்டாக வேண்டும். 30 கிலோமீட்டர் விரைவில் செல்லும் இளைஞருக்கு அத்தொலைவு இருபது மீட்டரைத் தாண்டும். மழை நனைத்த சாலையில் இன்னும் கூடும். தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பதையும் சேர்த்து எண்ணினால், விரைந்து செல்வோருக்கு ஏன் வலிய விளக்கு வேண்டும் என்பது புலப்படும். தெருவிளக்கு எரியும் நகரத்துக்குள் மெல்லச் செல்பவருக்குப் பிறர் கண்ணில் தாம் படுவதே தேவை. அதற்குச் சிறு விளக்கே போதும். இருண்ட சாலையில் செல்பவருக்கோ தாம் காண்பதும் தேவை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கடைக்குச் செல்பவர், நம்மைப் போலப் பெட்டியின் எண்ணைப் பார்த்து ஏமாறுவர்.

"எதிரே லாரிக்காரர் முழு வெளிச்சம் போட்டு வருகிறார், நாம் மட்டும் அடக்கமாக இருந்தால் அவர் நம்மை எப்படிக் காண்பார்?" என்று மாணவர் ஒருவர் நம்மிடம் வாதிட்டார். இந்தக் கேள்வியைப் புறந்தள்ளல் ஆகாது. சாலையில் உயிர் அஞ்சிச் செல்பவனின் கேள்வி அது. ஆனால் விளிம்பு வெட்டிய விளக்கிலிருந்தும் லாரி ஓட்டுநரின் கண்ணுக்குப் போதிய ஒளி கசிந்து செல்லவே செய்கிறது. அவர் நம்மைக் காண வேண்டும். காண்பதோடு, நமக்குப் பின்னால் நடந்து வரும் மூதாட்டியையும் காண வேண்டும் அல்லவா? கூசிய கண் கொண்டு பத்துச் சக்கர வண்டியை ஒருவர் ஓட்டி வருவதால் நமக்கு விளையும் பாதுகாப்பு யாது?

நம் தந்தையார் காலத்தில் விளக்கின்றி மிதிவண்டியில் சென்றால் போலீஸ்காரர் நிறுத்துவார். காற்றைப் பிடுங்கி விடுவதும் உண்டு. பின்னர் டைனமோ வந்தது. டயரின் பக்கவாட்டில் உராய்ந்து சுழலும் அந்தச் சிறு குப்பி, 6 வோல்ட் 3 வாட் மின்சாரம் தந்தது, அதில் 2.4 வாட் முன்விளக்குக்கு, 0.6 வாட் பின்விளக்குக்கு. மேட்டில் ஏறும்போது ஒளி மங்கும், நின்றால் அணையும். மழை நாளில் உருளை வழுக்கும். ஆயினும் அந்த மஞ்சள் ஒளியால் எவரும் புதரில் விழுந்ததாக நாம் கேள்வியுற்றதில்லை! 1990களின் தொடக்கத்தில் நீலநிற எல்.இ.டி. உருவாகி, அதன்மேல் ஒளிர்பொருள் பூசி வெண்ணிற ஒளி பெறும் வழி அமைந்த பின்னரே இந்நிலை மாறியது. அக்கண்டுபிடிப்புக்காக ஜப்பானில் பிறந்த அறிஞர் மூவருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. சில நூறு ரூபாயில் ஒரு சிறு சூரியனை வாங்கி வண்டியில் கட்டும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. கருவி வளர்ந்த அளவுக்கு அதனைப் பயன்படுத்தும் நாகரிகம் வளர்ந்ததா என்பதே நம் வினா.

வாங்குவோர் கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. பெட்டியில் அச்சிட்ட 'பத்து மணி நேரம்' பெரும்பாலும் மிகக் குறைந்த ஒளிக்கு உரியது. கைவிளக்குகளுக்கான அமெரிக்க அளவீட்டு முறையிலும், ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை 'எரியும் நேரம்' என்றே கணக்கிடுகின்றனர். எனவே நடுத்தர ஒளியில் எத்தனை மணி என்று கேட்டு, நம் பயணத்தைப் போல் இருமடங்கு இருந்தால் வாங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஐ.பி.எக்ஸ். 4 என்னும் குறியீடாவது இருத்தல் வேண்டும். அது தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்பதற்கு அடையாளம். ரப்பர் பட்டை தளர்ந்து குனியும் பிடி, எவ்வளவு நல்ல விளக்கையும் கெடுத்துவிடும். கூடை வைத்த வண்டியானால் கூடைக்கு முன்னே பொருத்துக. இல்லையேல் கூடையின் நிழலே சாலையாகத் தெரியும்.

விளிம்பு வெட்டிய விளக்கு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை அதிகம். 2001ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய அரசு மிதிவண்டித் திட்டத்தால் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் அதே வண்டியில் கல்லூரிக்கும் வருகின்றனர். அவர்களில் சிலர் ஒரு கையில் கைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்டி வருவதைக் கண்டிருக்கிறோம். அவர்களிடம் சென்று ஜெர்மனியின் விதியைப் பேசுவது அழகன்று. அவர்களுக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வட்ட ஒளி விளக்கையே கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டுவதுதான் அது. சுவருக்கு 5 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி விளக்கை ஏற்றினால், ஒளிவட்டத்தின் நடுப்புள்ளி, விளக்கு இருக்கும் உயரத்தில் பாதியில் விழ வேண்டும். ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள விளக்கின் ஒளி அவ்வாறாயின் 10 மீட்டரில் தரையைத் தொடும். வேகமாகச் செல்வதற்கு அது போதாது. மெல்லச் சென்று வீடு சேரப் போதும். நாமும் அந்த 1000 லூமென் விளக்கை எறிந்துவிடவில்லை. இவ்வாறு சாய்த்துக் கட்டி, குறைந்த ஒளியில்தான் இன்றளவும் பயன்படுத்துகிறோம். ஆள் வரக் கண்டால் கையால் மேற்புறத்தைச் சற்றே மறைப்பதும் உண்டு. பால்காரப் பெரியவர் இப்போது நம்மைக் கடக்கையில் மணியடித்துச் செல்கிறார்.

கல்லூரி நிருவாகத்துக்கு ஒரு வேண்டுகோள். மிதிவண்டி நிறுத்தகத்தின் கிழக்குச் சுவர் வெறுமையாக இருக்கிறது. அதில் அரை மீட்டர் உயரத்தில் ஒரு கோடும், தரையில் சுவரிலிருந்து 5 மீட்டரில் ஒரு கோடும் வரைய அனுமதி வேண்டும். மாலை வகுப்பு முடிந்து செல்லும் மாணவர் ஒரு நிமிடம் நின்று தம் விளக்கைச் சரிபார்த்துச் செல்லலாம். சுண்ணாம்பும் தூரிகையும் நம் செலவு. இயற்பியல் துறை நண்பர் லக்ஸ் மானியைக் கொண்டுவந்து அளந்து தருவதாக உறுதி கூறியுள்ளார்.