கற்பவனிடம் வாடகை கேட்பது நியாயமா?

எனது தங்கையின் மகனுக்குப் பதினாறு வயது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய ஆண்டு முழுவதும் ஓய்வு நேரங்களில் கணினியில் ஒரு பட்டம் ஏற்றும் விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தான். பயன்படுத்திய மென்பொருளுக்கு மாதச் சந்தா. கனடாவிலுள்ள அவனது சித்தப்பா தமது கடனட்டையில் அதைச் செலுத்திவந்தார். பரீட்சை நெருங்கவே சந்தாவை நிறுத்தினார்கள். பரீட்சை முடிந்து திரும்பி வந்தவன், தன் விளையாட்டைப் பார்க்கலாம், ஆனால் ஒரு வரியையேனும் திருத்த முடியாது என்பதைக் கண்டான்.

"மாமா, இது நான் செய்ததுதானே? அதில கை வைக்க ஏன் காசு கேக்கினம்?" என்று என்னிடம் கேட்டான்.

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ஏதும் அந்த நிறுவனங்களிடம் இல்லை என்பதே எனது வாதம்.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் ஈய எழுத்துக் கோர்க்கும் அச்சகங்கள் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தன. அச்சக உரிமையாளர் எழுத்தை ஒருமுறை வாங்கினால் அது அவருடையது. வேலையில்லாத மாதத்தில் எழுத்துப் பெட்டிக்கு யாரும் பூட்டுப் போட்டதில்லை. மென்பொருளும் ஒருகாலத்தில் அப்படித்தான் விற்கப்பட்டது. 2013இல் அடோபி நிறுவனம் தனது வடிவமைப்பு மென்பொருட்களின் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கு மட்டுமே என அறிவித்தபோது நாங்கள் முணுமுணுத்தோம். ஆனாலும் அவை உழைப்பவர்களின் கருவிகள். அலுவலகம் கட்டணத்தைச் செலுத்தியது. இன்று அதே முறை, ஒரு சதமும் உழைக்காத பிள்ளையின் மேசைக்கு வந்துவிட்டது.

தொடக்கநிலையினருக்கென்றே உருவான கேம்மேக்கரின் கதையைப் பாருங்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஓவர்மார்ஸ் 1999இல் அதனை வெளியிட்டார். பின்னர் அது வணிக நிறுவனமொன்றின் கைக்குப் போனது. 2021இல் ஒப்பெரா அந்த நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டில் சந்தா முறை வந்தது. உருவாக்கிய விளையாட்டைக் கைபேசி உட்படப் பல தளங்களுக்குக் கொண்டுசெல்ல மாதம் 9.99 டொலர். கொன்ஸ்ட்ரக்டும் 2017இல் தனது மூன்றாம் பதிப்பைச் சந்தாவாகவே விற்கத் தொடங்கியது; ஒரேதடவை விலை கொடுத்து இரண்டாம் பதிப்பை வாங்கியிருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள்.

மாதம் பத்து டொலர் ஒரு தேநீர்ச் செலவுதானே என்று ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பவர் கேட்கலாம். இங்கே கணக்கு வேறு. ஆண்டுக்கு ஏறக்குறைய 120 டொலர். 2022 ஆரம்பத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. ஆண்டுச் சந்தா 24,000 ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது; அதே சந்தா 43,000 ரூபாவைத் தாண்டியது. ஒரேயடியாக வாங்கியவனை நாணயத்தின் வீழ்ச்சி தொடாது. சந்தாக்காரனையோ அது ஒவ்வொரு மாதமும் தேடிவந்து அடிக்கும்.

மறுபக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். கைபேசிகளின் இயங்குதளங்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன. அவற்றுக்கேற்ப மென்பொருளைத் திருத்துபவர்களுக்குச் சம்பளம் வேண்டும். ஒருமுறை விற்ற பணத்தில் நிரந்தரமாக உழைக்கும்படி கேட்பது நியாயமல்ல. இதை நான் மறுக்கவில்லை. பணம் வாங்கவேண்டாம் என்பதல்ல, எப்போது வாங்குவது என்பதே கேள்வி. கேம்மேக்கரே இதற்குப் பதில் தந்துவிட்டது. 2023 நவம்பரில் அது, விற்பனை நோக்கமற்றவர்களுக்கு இலவசம், விற்பவர்களுக்கு ஒரேதடவை 99.99 டொலர் என அறிவித்தது. விளையாட்டுக் கொன்சோல்களுக்கு வெளியிடுபவர்களுக்கு மட்டும் சந்தாவை வைத்துக்கொண்டது. பழைய கணக்கில் பத்து மாத வாடகைக்கு வீடே சொந்தம்! ஜிடெவலப் இன்னொரு வழியைக் காட்டுகிறது: கருவி திறந்த மூலம், தமது சேர்வர்களில் செய்துகொடுக்கும் சேவைகளுக்கே சந்தா. இவை நடைமுறைச் சாத்தியமெனில், பயிலுபவனிடம் வாடகை வாங்குவது தேவையால் அல்ல, இலகுவான வருமானம் என்பதாலேயே.

கட்டணம் குறைவு என்பதும் பாதுகாப்பல்ல. யூனிட்டி நிறுவனம் 2023 செப்டெம்பரில், குறித்த வருமானத்தையும் எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டுகளுக்கு, அவை நிறுவப்படும் ஒவ்வொரு தடவையும் கட்டணம் என்று திடீரென அறிவித்தது. ஏற்கனவே வெளியான விளையாட்டுகளும் அதில் அடக்கம். எதிர்ப்பு மூண்டது, அடுத்த மாதமே தலைமை நிறைவேற்று அதிகாரி பதவி விலகினார், 2024 செப்டெம்பரில் அந்தக் கட்டணம் கைவிடப்பட்டது. ஆயினும் பாடம் நிலைத்துவிட்டது: நிபந்தனை அவர்கள் கையில் இருக்கும்வரை விலையும் அவர்கள் கையில்தான்.

ஆகவே பிள்ளைக்கு மென்பொருள் தெரிவுசெய்யும் பெற்றோரும், வெளிநாட்டிலிருந்து கடனட்டை நீட்டும் மாமன்மாரும் சித்தப்பாமாரும் முதலில் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். பணம் கட்டுவதை நிறுத்தினால் பிள்ளையின் ஆக்கம் என்னவாகும்? கட்டணம் கற்கும்போதா, விற்கும்போதா? இன்றைய நிபந்தனையை நாளை மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டா? எளிமை, அழகிய படங்கள், பயிற்சிக் காணொளிகள் எல்லாம் அதற்குப் பிறகு.

எனது மருமகன் இப்போது கொடோவுக்கு மாறிவிட்டான். ஆர்ஜென்டீனக்காரர் இருவர் உருவாக்கி, 2014இல் திறந்த மூலமாக்கிய கருவி அது. கட்டணம் இல்லை, உரிமமும் கைக்கு வந்த பதிப்பைப் பறிக்காது. நிரல் எழுதப் பழகவேண்டும் என்பதால் தொடக்கம் சற்றுக் கடினம். பட்டத்தின் நூலை மறுபடி அசைய வைக்கவே மூன்று கிழமை ஆயிற்று என்றான். அந்த மூன்று கிழமையும் அவன் ஏற்கனவே ஒருதடவை உழைத்த உழைப்பு. அதற்கான நட்டத்தை யார் கொடுப்பது?