நம்மவர் என்பதால் முதல்வர் ஆகிவிடுவாரா?



மஃரிபுக்குப் பின் நடைபெறும் நம் மதரஸா வகுப்பில், சென்ற வாரம் ஒரு வழக்கு நம் முன் வந்தது. பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் ஆடும் இரு மாணவர்கள். அமெரிக்கக் கூடைப்பந்தின் நெடிய ஆட்டக்காரர்களுள், அதாவது வளையத்தின் அடியில் நின்று ஆடும் 'சென்டர்'களுள், வரலாற்றிலேயே தலைசிறந்தவர் யார் என்பது அவர்களது விவாதம். ஒருவர் கரீம் அப்துல் ஜப்பார் என்றார். மற்றவர் ஹகீம் ஒலாஜுவான் என்றார். மூன்றாவது பெயர் ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணமே இருவருக்கும் எழவில்லை. "ஹஜ்ரத், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று இருவரும் வந்து நின்றனர்.

சற்று நேரம் செவிமடுத்தோம். ஒருவரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. "அவர் இஸ்லாத்தைத் தழுவியவர்" என்பது ஒருவரது வாதம். "இவர் நோன்பு நோற்றுக்கொண்டே ஆடியவர்" என்பது மற்றவரது வாதம். இரண்டும் உண்மையே. இரண்டுமே கேட்கப்பட்ட கேள்விக்கு விடையல்ல. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான். வளர்ந்தவர்களாகிய நாமும் விஞ்ஞானி, மருத்துவர், விளையாட்டு வீரர் என எவரைப் பற்றிப் பேசினாலும் முதலில் பெயரைப் பார்த்துவிட்டுப் பிறகே தராசை எடுக்கிறோம். சாட்சியம் சொல்பவன் உறவுக்காக நாவை வளைக்கலாகாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர்கள் நாம். எனவே இவ்வழக்கை முறைப்படியே விசாரிப்பது என்று முடிவு செய்தோம்.

நெடியவர்களின் ஆதிக்கம் இவ்விளையாட்டின் சட்டங்களையே மாற்றியிருக்கிறது. மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியின் ஜார்ஜ் மைக்கன் வளையத்தின் அருகே நின்று எளிதாகப் புள்ளிகளைக் குவித்ததால், அங்கே தாக்கும் அணியினர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாத பகுதியின் அகலத்தை 1951-இல் 6 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தினர். வில்ட் சேம்பர்லினின் காலத்தில், 1964-இல், அது 16 அடியாயிற்று. தனி மனிதர்களை அடக்குவதற்காக ஆடுகளத்தின் கோடுகளையே அழித்து வரைய வேண்டியிருந்தது.

அந்தச் சேம்பர்லினை நம் மாணவர்கள் அறிந்திருக்கவில்லை. எண்களை மட்டும் கொண்டு தீர்ப்பளிப்பதாயின் வழக்கு அவரோடு முடிந்துவிடும். 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில், நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அப்பருவம் முழுவதற்கும் அவரது சராசரி ஆட்டத்திற்கு 50.4 புள்ளிகள். ஓர் ஆட்டத்தின் நேரம் 48 நிமிடங்கள். அவர் களத்தில் நின்ற சராசரி நேரமோ 48.5 நிமிடங்கள். கூடுதல் நேரத்துக்குச் சென்ற ஆட்டங்களையும் சேர்த்தால் வரும் கணக்கு அது. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதில், அதாவது ரீபவுண்டில், அவர் சேர்த்த 23,924 இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.

ஆயினும் அதே பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைக்கவில்லை. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸ்ஸலுக்குச் சென்றது. இங்குதான் நாம் நிமிர்ந்து உட்கார வேண்டும். அக்காலத்தில் அவ்விருதுக்கு வாக்களித்தவர்கள் உடன் ஆடிய ஆட்டக்காரர்கள். செய்தியாளர்கள் தேர்ந்தெடுத்த அவ்வாண்டின் சிறந்த அணியில் சென்டர் இடம் சேம்பர்லினுக்கே கிடைத்தது. ரஸ்ஸல் இரண்டாம் அணியில் வைக்கப்பட்டார். மேசையில் அமர்ந்து எண்களைக் குறித்தவர்கள் ஒருவரைச் சொல்ல, இருவரோடும் தோளோடு தோள் மோதியவர்கள் மற்றவரைச் சொன்னார்கள். செய்தி எவர் வாயிலாக வந்தது, அவர் நேரில் கண்டவரா என்று துருவிப் பார்க்கும் கல்விமரபில் பயின்ற நமக்கு, இவ்விரு சாட்சியங்களும் ஒரே எடை உடையவையாகத் தோன்றவில்லை.

ரஸ்ஸல் என்ன செய்தார்? புள்ளிகள் எடுப்பதில் அவரது வாழ்நாள் சராசரி 15.1 மட்டுமே. ஆனால் எதிரணியினர் எறியும் பந்தைத் தடுப்பதை அவர் ஒரு கலையாக மாற்றினார். பலர் பந்தைப் பார்வையாளர் வரிசைக்கு அறைந்து கைதட்டல் பெறுவர். அவரோ அதனைத் தன் அணித்தோழரின் கைக்குச் செல்லுமாறு தட்டிவிடுவார். தடுத்த கணமே தாக்குதல் தொடங்கிவிடும். தடுப்புகளை என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே அவர் செய்த வேலையின் பெரும்பகுதி எந்த ஏட்டிலும் இல்லை. ஏட்டில் இருப்பது ஒன்றுதான்: 13 பருவங்களில் 11 பட்டங்கள். அவர் வருவதற்கு முன் செல்டிக்ஸ் ஒரு பட்டத்தையும் வென்றதில்லை. அவர் விலகிய மறு பருவத்தில் அவ்வணி இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. தொடரின் முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தில் பத்து முறை ஆடினார், பத்திலும் வென்றார்.

"எட்டே அணிகள் இருந்த காலம், ஹஜ்ரத்" என்று மூத்த மாணவர் குறுக்கிட்டார். நியாயமான ஆட்சேபம். ரஸ்ஸல் நுழைந்தபோது அணிகள் எட்டுதான். அவரைச் சுற்றிப் பாப் கூசி, சாம் ஜோன்ஸ், ஜான் ஹாவ்லிச்செக் போன்ற தேர்ந்தவர்களும் இருந்தனர். ஆனால் அணிகள் குறைவு என்றால் இடங்களும் குறைவு. ஒரே பருவத்தில் சேம்பர்லினை அவர் எத்தனை முறை எதிர்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, நம்மவர்களிடம் வருவோம்.

கரீம் 1947-இல் நியூயார்க்கில் லூ அல்சிண்டராகப் பிறந்தவர். அல்சிண்டர் என்பது டிரினிடாட்டில் தம் முன்னோரை அடிமைகளாக வைத்திருந்தவனின் பெயர் என்பதை அறிந்தபின் அதனைச் சுமக்க அவருக்கு மனமில்லை. 1968-இல் இஸ்லாத்தைத் தழுவினார். 1971-இல் மில்வாக்கி பக்ஸ் அணிக்குப் பட்டம் வென்று தந்த கையோடு புதிய பெயரை உலகுக்கு அறிவித்தார். அதனைப் பலர் வரவேற்கவில்லை.

அவரது ஆயுதம் 'ஸ்கை ஹூக்'. வளையத்துக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று, தடுப்பவனுக்கும் பந்துக்கும் இடையே தன் உடலையே சுவராக வைத்து, 7 அடி 2 அங்குல உயரத்துக்கு மேலே கையை முழுவதும் நீட்டி, உச்சியில் மணிக்கட்டைச் சொடுக்கிப் பந்தை விடுவது. தடுக்க வருபவன் அந்த உடலைத் தாண்டித்தான் பந்தை எட்டவேண்டும். மைக்கனின் பெயரால் வழங்கும் பயிற்சியைச் சிறுவயதில் செய்தே இதன் அடிப்படையை அவர் கற்றார். கல்லூரியில் ஆடியபோது பந்தை வளையத்துக்குள் திணிக்கும் 'டங்க்' 1967-இல் தடைசெய்யப்பட்டது. அத்தடை அவரைக் குறிவைத்தே வந்தது என்று பலரும் கருதினர். அதனால் அந்த எறிதல் மேலும் கூர்மை பெற்றது. 20 பருவங்கள், 38,387 புள்ளிகள், 6 பட்டங்கள், 6 முறை மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1984-இல் அவர் படைத்த புள்ளிச் சாதனையை 2023 பிப்ரவரியில்தான் லெப்ரான் ஜேம்ஸ் கடந்தார்.

அந்த ஆறு விருதுகளும் ஆட்டக்காரர்கள் வாக்களித்த காலத்தில் கிடைத்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவரது பெயரைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். அவரைத் தடுக்க முயன்று தோற்றவர்கள் வாக்குச் சீட்டில் அவர் பெயரையே எழுதினார்கள்.

ஹகீமின் கதை வேறு வகையானது. லாகோசில் கால்பந்துக் கோல்காப்பாளராகவும் கைப்பந்து வீரராகவும் இருந்தவர். பதின்பருவத்தின் பிற்பாதியில்தான் கூடைப்பந்துக்கு வந்தார். அந்தக் கோல்காப்பாளரின் கால்கள் கடைசிவரை அவரிடம் இருந்தன. தோளை ஒரு பக்கம் அசைத்து, எதிராளி சாய்ந்ததும் மறுபக்கம் சுழன்று எறிவார். 'ட்ரீம் ஷேக்' என்று அதற்குப் பெயர். 1993-94 பருவத்தில் மிகச் சிறந்த ஆட்டக்காரர், மிகச் சிறந்த தற்காப்பாளர், இறுதித் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆகிய மூன்று விருதுகளையும் சேர்த்துப் பெற்றார். ஒரே பருவத்தில் வேறெவரும் அவ்வாறு பெற்றதில்லை. மறு ஆண்டு அவரது ஹூஸ்டன் ராக்கெட்ஸ் மேற்குப் பிரிவில் ஆறாம் இடத்திலிருந்து ஏறிச்சென்று பட்டத்தைத் தக்கவைத்தது. அவ்வழியில், அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற டேவிட் ராபின்சனுக்கு எதிராக ஹகீம் எடுத்த சராசரி 35.3. எண்ணத் தொடங்கிய நாள்முதல் அதிகத் தடுப்புகளும் அவருடையவையே: 3,830. கால்களின் நுட்பம் ஒன்றே அளவுகோலாயின் நாம் ஹகீமையே சொல்வோம். ஷகீல் ஓ'நீலின் வலிமையை மெச்சுவோர் உண்டு. 1995 இறுதித் தொடரில் இளம் ஓ'நீலின் ஆர்லாண்டோ அணி ஹகீமிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது என்பதோடு அதனை விட்டுவிடுகிறோம்.

நோன்பைப் பற்றி ஒரு சொல். 1995 ரமளான் பிப்ரவரி முதல் நாள் தொடங்கியது. அம்மாதத்தின் சிறந்த ஆட்டக்காரராக ஹகீம் தேர்வானார். மாஷா அல்லாஹ், நெஞ்சு நிறைகிறது. ஆனால் "நோன்பு வைத்ததால்தான் பட்டம் வென்றார்" என்று நம் இளைய மாணவர் சொன்னபோது மறுக்க வேண்டியதாயிற்று. இறுதிச் சுற்றுகள் தொடங்கியது ஏப்ரல் இறுதியில். அதே பிப்ரவரியில் கிளைட் டிரெக்ஸ்லர் என்ற தேர்ந்த ஆட்டக்காரரும் அவ்வணிக்கு வந்து சேர்ந்தார். நோன்பு கடமை, அதனைத் தசைக்குப் போடும் உரமாகப் பிள்ளைகளிடம் விற்றால், தோற்ற நாளில் அவர்கள் எதனைச் சந்தேகிப்பார்கள்? ஹகீமின் ஈமானுக்குச் சான்று வேண்டுமெனில், ஹூஸ்டன் நகர மையத்தில் அவர் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தை வாங்கிப் பள்ளிவாசலாக்கினாரே, அதனைக் காட்டலாம். அதற்கும் தடுப்புகளின் எண்ணிக்கைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

நம்மவர் என்பதால் குறைகளை மறைப்பதும் தகாது. சேம்பர்லின், இளம் அல்சிண்டரை ஒரு காலத்தில் அரவணைத்தவர். பிற்காலத்தில் அவர் கரீமைக் குறைகூற, கரீம் 1990-இல் வெளியான தம் நூலில் அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதமே எழுதி ஏளனம் செய்தார். நம் மாணவர்கள் பின்பற்ற வேண்டிய கடிதம் அன்று அது. ரஸ்ஸலும் இதில் தூயவரல்லர். அவரும் சேம்பர்லினும் நண்பர்கள். சேம்பர்லினின் தாயார் வீட்டில் உணவருந்தியவர் அவர். 1969 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது. வெற்றியைக் கொண்டாட லேக்கர்ஸ் உரிமையாளர் கூரையில் பலூன்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவை கீழே விழவேயில்லை. செல்டிக்ஸ் 108-106 என வென்றது. முழங்கால் காயத்தால் வெளியேறிய சேம்பர்லின் மீண்டும் களமிறங்க விரும்பியும் பயிற்சியாளர் அனுமதிக்கவில்லை. அக்காயத்தை ஐயுற்று ரஸ்ஸல் பொதுமேடையில் பேசிவிட்டார். அந்த ஒரு பேச்சினால் இருவரும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசிக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் ரஸ்ஸல் வருந்தி மன்னிப்புக் கேட்டார் என்பது ஆறுதல்.

ஆகவே நம் தீர்ப்பு: முதலில் ரஸ்ஸல். ஒரு விரற்கடை பின்னே கரீம். அடுத்துச் சேம்பர்லினும் ஹகீமும்; அவ்விருவருள் யார் முன் என்பதில் நமக்கே மனம் மாறிமாறி வருகிறது. 1971-இல் ஒரு பெயரைக் கேட்டதும் கரீமுக்குரிய அன்பைக் குறைத்தவர்களும், இன்று அதே பெயரைக் கேட்டதும் கிரீடத்தை எடுத்து வருகின்ற நாமும் கையில் வைத்திருப்பது ஒரே தராசுதான். அவர்கள் ஒரு தட்டில் விரலை வைத்தார்கள். நாம் மறு தட்டில் வைக்கிறோம்.

இதைச் சொன்னதும் இளைய மாணவரின் முகம் வாடிவிட்டது. மூத்தவரோ வாடவில்லை. சிறிது நேரம் விரல் விட்டு எண்ணிவிட்டுக் கேட்டார்: "ஹஜ்ரத், மோதியவர்களின் சாட்சியம்தான் பெரிது என்றீர்கள். அவர்கள் ரஸ்ஸலுக்கு ஐந்து முறை வாக்களித்தார்கள். கரீமுக்கு ஆறு முறை வாக்களித்தார்கள். அப்படியானால் உங்கள் சாட்சிகளின்படியே கரீம்தானே முதல்வர்?"

பட்டங்களின் எண்ணிக்கையைச் சொன்னோம். அது அணியின் கணக்கு என்றார். செல்டிக்ஸ் அவருக்கு முன்னும் பின்னும் எப்படி இருந்தது என்பதைச் சொன்னோம். மில்வாக்கி, கரீம் வருவதற்கு முந்தைய பருவத்தில் 27 ஆட்டங்களும் அவர் வந்த பருவத்தில் 56 ஆட்டங்களும் வென்றதை அவர் சொன்னார். எங்கே படித்தாரோ தெரியவில்லை. "நம்மவர்" என்ற சொல்லை அவர் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை என்பதைக் கவனித்தோம். இஷாவுக்குப் பாங்கு சொல்லப்பட்டது. வழக்கை ஒத்திவைத்திருக்கிறோம், அடுத்த வகுப்பில் அவர் வாதத்தைத் தொடர்வார், இன்ஷா அல்லாஹ்.