ஒப்பிப்பது நினைவாகுமா?

நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டார உறைவிடப் பள்ளிகள் ஒரு காலத்தில் மாநிலத் தரவரிசையால் புகழ்பெற்றவை. 2017இல் தமிழக அரசு தரவரிசை வெளியிடுவதை நிறுத்தியது. அதே ஆண்டு நீட் வந்தது. விளம்பரப் பலகைகள் மாறின. விடியுமுன் எழுப்பு, ஒப்பிக்க வை, தேர்வு வை, மறுபடியும் ஒப்பிக்க வை என்னும் முறை மாறவில்லை. இதற்கு 'நினைவாற்றல் பயிற்சி' என்றும் பெயர். அந்தப் பெயரை நாம் மறுக்கிறோம்.

மனம் ஒரே நேரத்தில் கையாளக்கூடியவை ஏழு அளவில் என்றார் ஜார்ஜ் மில்லர் 1956இல். நான்குதான் என்றார் நெல்சன் கோவன் 2001இல். 1974இல் ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்சும் இந்தக் குறுகியகால நினைவை வெறும் வைப்பிடமாக அன்றிச் செயல்நினைவாக விளக்கினர். சேலத்துக் கொலுசுப் பட்டறையின் மேசையை எண்ணிப் பாருங்கள். கிடங்கு பெரிது, மேசை சிறிது. உதிரிக் கண்ணிகள் நான்கு கிடந்தாலே மேசை நிறைந்துவிடும். பற்றவைத்துவிட்டால் நூறு கண்ணியும் ஒரே சரம். மனத்தில் அப்படிப் பற்றவைப்பது பொருளுணர்வு.

நம் வகுப்புக்கு வரும் மாணவர் அகப்பாடலை அடி பிறழாமல் சொல்கிறார். பேசுவது தலைவியா, தோழியா என்று கேட்டால் திகைக்கிறார். ஒலி தங்கியிருக்கிறது, பொருள் பற்றவில்லை. தண்டனை அச்சமும் அந்தச் சிறு மேசையில்தான் இடம்பிடிக்கிறது. படித்ததை நிலைப்படுத்தும் உறக்கத்தையோ விடியற்காலை மணி பறித்துக்கொள்கிறது.

அப்படியானால் மனப்பாடமே வேண்டாம் என்பாரோடும் நாம் உடன்படவில்லை. எதுகையும் மோனையும் அந்தாதியும் நினைவுக்கென்றே நம்மவர் செய்த கொக்கிகள். 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலருக்கும் மேசை சிறிதுதான். யாப்பும் புலமையும் கிடங்கில் ஒழுங்காக இருந்தன. அறிந்த பொருள் மேசையை அகலமாக்கும். அறியாத ஒலி அதை அடைக்கும்.

நிலத்தை அடகுவைத்துக் கட்டணம் செலுத்தும் பெற்றோர் இதைக் கேட்க வேண்டும்: என் பிள்ளை பாடத்தைத் தன் சொல்லில் சொல்வானா?

பள்ளிகளை மட்டும் பழித்து நாம் தப்பிக்கவும் முடியாது. கல்லூரியில் நாம் அமைக்கும் வினாத்தாளும் கையேட்டுப் பத்திக்குத்தானே முழு மதிப்பெண் தருகிறது? முதல் திருத்தம் நம் வினாத்தாளில் தொடங்கட்டும்.