பட்டாளத்துச் சட்டை

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எந்த ஊர்க் கடைத்தெருவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பட்டுப் பாவாடைக்கும் ஜிகினாச் சட்டைக்கும் நடுவே, பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக அச்சடித்த ஒரு சின்ன உடுப்பு தொங்கும். ஐந்து வயதுப் பையனுக்குத் தைத்தது. தோளில் நட்சத்திரம். மார்பில் வரிசையாக வண்ண நாடா. இடுப்புக்கு ஒரு பெல்ட்டு, தலைக்கு ஒரு தொப்பி. சில கடைகளில் பிளாஸ்டிக் துப்பாக்கி இனாம்!

"அப்பா, எனக்கு மிலிட்டரி டிரெஸ்தான் வேணும்!"

பையன் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறான். அப்பா சட்டைப் பையில் கையை விடுகிறார்.

பெரியவர்களுக்கும் பஞ்சமில்லை. தொடைப் பக்கம் பை வைத்த கால்சட்டை, திட்டுப் போட்ட பனியன், கணுக்கால் வரை ஏறும் பூட்ஸ் எல்லாம் கிடைக்கின்றன. கல்லூரி மாணவனும் வாங்குகிறான், லாரி கிளீனரும் வாங்குகிறார். பெண்களும் வாங்குகிறார்கள். அழுக்குத் தெரியாது, சீக்கிரம் கிழியாது, பை நிறைய இருக்கிறது. அதற்கு மேல் போட்டுக்கொண்டால் ஒரு மிடுக்கு!

"சிப்பாயின் உடையை வேடிக்கைக்குப் போடுவதா?" என்று சிலர் கோபிக்கிறார்கள். "துணி துணிதானே, இதில் என்ன இருக்கிறது?" என்று சிலர் சிரிக்கிறார்கள். கோபிக்கிறவர்கள் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சிரிக்கிறவர்கள் 2016-ஆம் ஆண்டு ஜனவரியைப் பார்க்க வேண்டும்.

முதலில் சரித்திரம்.

மார்கழி விடியற்காலையில் பால் வாங்கவும் கோயிலுக்கும் புறப்படும் தாத்தாக்களின் தலையைப் பார்த்தால் போதும். முகம் மட்டும் தெரிய, காதையும் கழுத்தையும் மூடிய கம்பளிக் குல்லாய். குரங்குக் குல்லாய் என்று குழந்தைகள் கேலி செய்யும் அந்தக் குல்லாய் ஒரு யுத்தகளத்தின் பெயரைத் தாங்கியது! கருங்கடல் ஓரத்தில் பாலக்ளாவா என்ற ஊரில் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி பிரிட்டிஷ் படைக்கும் ருஷ்யப் படைக்கும் கடும் சண்டை நடந்தது. அந்த யுத்தத்தில் குளிரில் விறைத்த சிப்பாய்களுக்கு இங்கிலாந்திலிருந்து பெண்கள் கம்பளியில் பின்னி அனுப்பிய குல்லாய்க்குத்தான் பிற்பாடு அந்த ஊர்ப் பெயர் ஏற்பட்டது. அதே சண்டையில் குதிரைப் படையை நடத்திச் சென்றவர் கார்டிகன் பிரபு. முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டைக்கு அவர் பெயர். சேனாதிபதியாக இருந்தவர் ராக்லன் பிரபு. வாட்டர்லூ யுத்தத்தில் 1815-ல் வலக்கையை இழந்தவர். கழுத்திலிருந்தே சரிந்து இறங்கும் சட்டைக் கைக்கு இன்றும் தையற்காரர்கள் சொல்லும் பெயர் அவருடையதே. ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்த யுத்தம், கடைசியில் உலகத்துக்கு மூன்று குளிர்கால உடுப்புகளைக் கொடுத்துவிட்டுப் போயிற்று. அவற்றை மாட்டிக்கொள்ளும் யாருக்கும் இப்போது பீரங்கிச் சத்தம் ஞாபகம் வருவதில்லை.

காக்கியின் கதை இன்னும் நெருக்கமானது. அது இந்திய மண்ணில் பிறந்தது. இல்லை, மண்ணாகவே பிறந்தது! 'காக்' என்றால் பாரசீகத்தில் தூசி. 1846-ல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற அதிகாரி ஒரு வழிகாட்டிப் படையைத் திரட்டினார். அந்நாள் பிரிட்டிஷ் சிப்பாய் போட்டது சிவப்புச் சட்டை. மைல் தூரத்திலிருந்தே குறி வைக்கலாம். எல்லைப்புறத்து வெயிலிலும் புழுதியிலும் அது உதவாது என்று கண்ட லம்ஸ்டன், தம் ஆட்களுக்குத் தூசி நிறத் துணியைக் கொடுத்தார். மற்றப் பட்டாளங்கள் முதலில் ஏளனம் செய்தன. ஐம்பது ஆண்டுகள் கழித்து, போயர் யுத்தத்தில் குண்டடி பட்ட பிறகு, பிரிட்டிஷ் சேனை முழுவதுமே காக்கிக்கு மாறியது. அங்கிருந்து போலீஸ்காரருக்கு, தபால்காரருக்கு, பஸ் கண்டக்டருக்கு, பள்ளிக்கூடத்துப் பையனின் அரை நிஜாருக்கு, ஆட்டோ டிரைவரின் சட்டைக்கு! ஆட்டோ டிரைவரைப் பார்த்து 'இவர் பட்டாளத்தை அவமதிக்கிறார்' என்று யாரும் சொல்வதில்லை.

மழைக் கோட்டும் அப்படித்தான். முதல் உலக யுத்தத்தில் பதுங்குகுழிக்குள் நின்ற அதிகாரிகளுக்காக உருவானது. தோளில் பட்டை, இடுப்பில் வளையம். இன்று அந்த வளையத்தில் கார் சாவியைக்கூட யாரும் மாட்டுவதில்லை. ஆனாலும் தையற்காரர் அதை விடாமல் வைக்கிறார். ஆண்கள் கைக்கடிகாரம் கட்டும் வழக்கமும் அதே யுத்தத்தில்தான் பரவியது. அதுவரை அது பெண்கள் நகை. பீரங்கி முழங்கும் நிமிஷமும் சிப்பாய் பாயும் நிமிஷமும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டிய இடத்தில், பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க ஏது நேரம்?

திட்டுத் திட்டான அந்தத் துணிக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளம் 1915-ல் ஓவியர்களைச் சேர்த்து ஒரு தனிப் பிரிவு அமைத்தது. அவர்கள் வேலை பீரங்கிகளுக்கும் வண்டிகளுக்கும் வர்ணம் பூசி, எதிரியின் கண்ணுக்கு அவற்றை மரமும் மண்ணுமாகக் காட்டுவது. இத்தாலியப் பட்டாளம் 1929-ல் கூடாரத் துணியில் அந்த வித்தையை அச்சடித்தது. பிறகு அது சிப்பாயின் முதுகுக்கு வந்தது. மறைந்துகொள்வதற்காகக் கண்டுபிடித்த துணியை, கூட்டத்தில் தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இளைஞர்கள் போடுகிறார்கள். மோஸ்தர் என்பது இப்படித்தான் தலைகீழாக நடக்கும்!

அமெரிக்காவில் இன்னொரு வேடிக்கை. வியட்நாம் யுத்த காலத்தில் பட்டாளத்து மேல்சட்டையை அதிகம் போட்டுத் திரிந்தவர்களில் யுத்தத்தை எதிர்த்தவர்களே பலர். மிச்சப்பட்ட பட்டாளச் சாமான்களை விற்கும் கடைகளில் அது மலிவு. அவர்களோடு யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களும் சேர்ந்துகொண்டார்கள். 1971 ஏப்ரலில் வாஷிங்டன் பார்லிமெண்டுக் கட்டடத்தின் முன்னே, தாங்கள் ரத்தம் சிந்திப் பெற்ற பதக்கங்களை அவர்கள் கழற்றி எறிந்தார்கள். சட்டையை மட்டும் கழற்றவில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலோ, ஓய்வு பெற்ற ஹவில்தார் கொண்டுவந்த பச்சை ஸ்வெட்டரைத் தம்பி போட்டுக்கொண்டு தண்ணீர் பாய்ச்சப் போவார். பூட்ஸ் மச்சானுக்கு. கறுப்புத் தகரப் பெட்டியில் பெரியம்மாவின் பட்டுப் புடவை. 'மிலிட்டரி ஹோட்டல்' என்று பலகை மாட்டினால் உள்ளே கறிக் குழம்பு உண்டென்று அர்த்தம். சிப்பாய் யாரும் இருக்கமாட்டார்! பட்டாளம் என்ற சொல்லும் பொருளும் இப்படி வீட்டோடு கலந்து எத்தனையோ காலம் ஆகிறது.

ஆகவே, வெட்டும் தையலும் நிறமும் யாருக்கும் சொந்தமில்லை. கோபிக்கிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேலூரும் பதான்கோட்டும்

ஆனால் 'துணி துணிதானே' என்பது மட்டும் உண்மையல்ல. அதற்குச் சாட்சி வேலூர்க் கோட்டை. சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்கள் தொப்பியைப் போன்ற ஒரு புதுத் தலைப்பாகை வைக்க வேண்டும், அதில் தோலில் செய்த குஞ்சம் இருக்கும், நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்று சேனாதிபதி கிராடக்கின் ஆட்சியில் உத்தரவு பிறந்தது. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி விழுந்தது. 1806 ஜூலை 10-ஆம் தேதி, பொழுது விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நூற்றுக்கு மேல் மாண்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படை வந்து சேர்ந்த பிறகு இந்தியச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. திப்புவின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள். என்றாலும் நெருப்புப் பற்றியது தலைப்பாகையில். பின்னர் அந்த உத்தரவு வாபஸாயிற்று. கவர்னர் பெண்டிங்க்கும் கிராடக்கும் சீமைக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

சிப்பாய்க்கு உடை என்பது அவன் யார் என்பதைச் சொல்லும் சொல். அன்று அந்தச் சொல்லை அவன்மீது திணித்ததால் விபரீதம் வந்தது. இக்காலத்தில் விபரீதம் வேறு வழியாக வருகிறது: அதைப் பிறர் திருடிப் போட்டுக்கொள்வதால்.

பஞ்சாபில் தீனாநகர் போலீஸ் நிலையத்தை 2015 ஜூலை 27-ஆம் தேதி தாக்கிய பயங்கரவாதிகள் பட்டாள உடையில் வந்தார்கள். ஐந்து மாதம் கழித்து, 2016 ஜனவரி 2-ஆம் தேதி விடியற்காலையில், அதே பஞ்சாபில் பதான்கோட் விமானத் தளத்தில் புகுந்தவர்களும் அப்படியே வந்தார்கள். காவல் படையினர் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அந்தத் தாக்குதலுக்குப் பிறகு இராணுவமே ஒரு வேண்டுகோள் விடுத்தது: பொது ஜனங்கள் பட்டாளத்து யுத்த உடையைப் போன்ற உடைகளை அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம்.

இதன் பொருளைச் சற்று யோசித்துப் பார்க்கலாம். இருட்டில் வாசற்காவல் நிற்கிறான் ஒரு ஜவான். எதிரே திட்டு உடையில் ஓர் உருவம் வருகிறது. கூட்டாளியா, கொலைகாரனா? முகம் தெரியாது. குரல் கேட்கவில்லை. கண்ணில் படுவது உடை ஒன்றுதான். அந்த உடையை நம்பினால் அவன் சாகலாம். நம்பாமல் சுட்டால் நிரபராதி சாகலாம். கடைத்தெருவில் முந்நூறு ரூபாய்க்கு மோஸ்தராகக் கிடைப்பது, அங்கே ஒரு நிமிஷத்துக்குள் உயிர் தீர்மானிக்கும் அடையாளம்.

இந்த ஆபத்தை உணர்ந்தே இராணுவம் புதிய யுத்த உடையைத் தயாரித்தது. தேசிய நாகரிக ஆடைக் கல்லூரியோடு சேர்ந்து உருவாக்கிய அதை 2022 ஜனவரி 15-ஆம் தேதி, இராணுவ தினத்தன்று வெளியிட்டது. சின்னச் சின்னச் சதுரங்கள் கலந்த புது அச்சு. அதே ஆண்டில் அந்த வடிவத்தைத் தன் பெயரில் பதிவும் செய்துகொண்டது. அந்த அச்சை யாரும் பார்த்து அடித்து விற்கக் கூடாது என்பதே நோக்கம்.

சட்டம் சொல்வது என்ன?

பாரதீய நியாய சன்ஹிதையின் 168-ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. சிப்பாயாகவோ மாலுமியாகவோ விமானப் படையினராகவோ இல்லாத ஒருவர், தம்மை அப்படி நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர்கள் உடையையோ சின்னத்தையோ அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 140-ஆம் பிரிவாக இருந்தது இதுதான். அப்போது அபராதம் ஐந்நூறு ரூபாய். தடை செய்யப்பட்ட இடங்களில் இப்படி வேடமிட்டு நுழைய முயன்றால் 1923-ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டமும் பாயும்.

'எண்ணத்தோடு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். திட்டுப் போட்ட கால்சட்டையோடு டீக்கடையில் நிற்கும் இளைஞனைச் சிப்பாய் என்று யாரும் நம்பப் போவதில்லை; அவனும் நம்பச் சொல்லவில்லை. அவன் குற்றவாளி அல்ல. அவனை நடுத்தெருவில் நிறுத்தி, "கழற்றுடா" என்று மிரட்டும் தேசபக்தர்களுக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் கொடுக்கவில்லை. பார்படோஸ் தீவில் சட்டம் வேறு. கிரிக்கெட் பார்க்கப் போகும் ரசிகரானாலும், கைக்குழந்தையானாலும், திட்டுத் துணி போடுவதே அங்கே குற்றம்! அந்தச் சின்னத் தீவுக்கு அது பொருந்தலாம். காக்கியிலேயே பாதி ஜனங்கள் உழைக்கும் இந்த நாட்டுக்கு அது வேண்டியதில்லை.

வேண்டியது வேறு. தோள் நட்சத்திரம், ரெஜிமெண்டின் பெயர்ப் பட்டை, பதக்க நாடா, பாராசூட் படையின் சிவப்புத் தொப்பி ஆகியவை கடையில் தொங்கக் கூடாது. இவை மோஸ்தரல்ல, சம்பாத்தியம். யாரோ ஒருவர் பனிமலையில் விரலை இழந்து சம்பாதித்தது.

இதில் ஏமாறுகிறவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைப் போல, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. விடியுமுன் எழுந்து, ரோட்டோரம் ஓடிப் பழகும் பையன்களை அங்கே பார்க்கலாம். தோளில் நட்சத்திரத்தோடு ஒருவன் காரில் வந்து இறங்கினால் அந்த வீடுகளில் நாற்காலி எடுத்துப் போடுவார்கள், காப்பி கொடுப்பார்கள். "செலக்‌ஷன்ல நம்ம ஆளு இருக்கார், தம்பியைச் சேர்த்துவிடலாம்" என்று அவன் சொன்னால், அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். கொஞ்ச நாளில் அவன் போன் அணைந்துவிடும். சந்தையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய நட்சத்திரம் அவனுக்கு அவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கிறது!

அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பெறாத பதக்கத்தைப் பெற்றதாகப் பொய் சொல்வதையே குற்றமாக்கியது. பேச்சுரிமைக்கு விரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012-ல் அதைத் தள்ளியது. மறு ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள்: அந்தப் பொய்யால் பணமோ வேறு லாபமோ அடைய முயன்றால்தான் குற்றம். ஜம்பத்துக்குத் தண்டனையில்லை, மோசடிக்கு உண்டு. இங்கேயும் போலீசாரின் கண் விழ வேண்டிய இடம் அதுவே.

திருப்பூரில் பனியனுக்கு அச்சடிப்பவர்களும், கடைகளுக்கு மொத்தமாகத் துணி அனுப்புகிறவர்களும் மனம் வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். பச்சையில் எத்தனையோ திட்டு உண்டு. இராணுவம் பதிவு செய்த அச்சைத் தொட வேண்டியதில்லை. நட்சத்திரம் தைக்காத சட்டை எந்தக் கடையிலும் விலை போகாமல் தங்கிவிடாது.

தீபாவளிக் கடையில் அழுத பையனோ உடையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். மத்தாப்புக் கொளுத்தும்போது தொப்பி கண்ணை மறைக்கும். அம்மா அதைக் கழற்றி வைப்பாள். பொங்கலுக்குள் தோள் நட்சத்திரம் தானாக உதிர்ந்துவிடும். அடுத்த வருஷம் கால் எட்டாது. அவனை யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.